மின்தூக்கி பழுது, மேல்மாடியில் பாட்டி

வெப்பம் தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுகிறது. மலிவுவிலை அடுக்குமாடியின் மேல்மாடியில் நிலைமை அதைவிட மோசம். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் இரவிலும் சூட்டைக் கக்கும். தோட்டம் துண்டாடப்பட்டு, பால்வெட்டிய கையோடு கிள்ளானுக்கு வந்த பாட்டிதான் பகலில் அங்கே தனியாக இருக்கிறார்.

வயதானால் தாகம் சரியாகத் தெரியாது. கேட்கும்வரை காத்திராமல் தண்ணீர் கொடுங்கள். இதய, சிறுநீரக நோயாளியென்றால் அளவை டாக்டரிடம் கேளுங்கள். ஈரத்துண்டால் உடம்பைத் துடையுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் உடனே 999.

ஆனால் மின்தூக்கி பழுதாகிக் கிடந்தால், நீர்த்தடை நாளில் லாரித் தண்ணீர் மேலே எப்படி ஏறும்? பாட்டி கிளினிக்குக்கு எப்படி இறங்குவார்? தலைவிதி என்று விடாதீர்கள். சொந்த வீடென்றால், 2013-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி (சட்டம் 757) மின்தூக்கியைப் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமை. பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்துவது போராட்டம் ஆகாது. "பணமில்லை" என்று அவர்கள் கைவிரிக்க நாமே வழிவிடுகிறோம்.

நிர்வாகம் அசையாவிட்டால் நகராண்மையிலுள்ள கட்டட ஆணையரிடம், அதாவது சிஓபியிடம், எழுத்தில் புகார் செய்யுங்கள். டிபிகேஎல் வாடகை வீடென்றால் நேரே டிபிகேஎல்லுக்கு. எத்தனையாவது மாடி, எத்தனை நாள் பழுது, முதியவரின் வயது என்ன என்று எழுதுங்கள். நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.