மொழி போன பிறகு ஃபைல் திறக்குமா?

மொழியியல் படிக்கும் மாணவர் யாரிடமாவது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எத்தனை மொழி தெரியும்?" சிவில் இன்ஜினியரிங் மாணவரிடம் எத்தனை பாலம் கட்டினாய் என்று யாரும் கேட்பதில்லை. இரண்டே மொழி தெரிந்தவர்கூட நல்ல மொழியியலாளராக இருக்க முடியும். ஒரு மொழி எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடித்து எழுதிவைப்பதுதான் அவர் தொழில். சரளமாகப் பேசுவது கூடுதல் லாபம்.

வலி, வளி, வழி. ஓர் ஒலி மாறினால் பொருள் மாறுகிறது. மூன்று ஒலிகளுக்கும் தமிழில் தனித்தனி எழுத்து இருப்பதால் இது பள்ளிக்கூடப் பாடம். எழுத்தே இல்லாத மொழியில் இந்த வேறுபாட்டைக் காதால் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். நீலகிரியில் தோடர்கள் பேசும் மொழியில் ச, ஷ போன்ற ஒலிகள் மட்டும் நான்கு வகை. நாக்கு அதிரும் ர ஒலிகள் மூன்று வகை. வெளியிலிருந்து போகிறவர் காதுக்கு எல்லாம் ஒன்றுபோலவே கேட்கும். அதைப் பழக்கிக்கொள்ளவே பல மாதங்கள் ஆகும். ஒரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்து, எழுதி, சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் குறிக்கப் பல நாள் உழைப்பு தேவை.

இந்தியாவில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்று மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகள் என்று கணக்கெடுப்புத் துறை வகைப்படுத்தியது. அவற்றைத் தொகுத்ததில் 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 தேறின. இவற்றில் 22 மொழிகள் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ளவை. பத்தாயிரத்துக்குக் கீழே இருப்பவை பட்டியலில் தனிப் பெயர்கூட இல்லாமல் 'மற்றவை' ஆகிவிடுகின்றன. அந்த மொழிகளைப் பதிவு செய்யத்தான் மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் மூலம் மத்திய அரசு 2013-ல் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

தாமதத்தின் விலை என்ன என்று அந்தமானில் தெரிந்தது. 2010 ஜனவரியில் போர்ட் பிளேரில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தார். வயது சுமார் 85. 'போ' என்ற மொழி தெரிந்த கடைசி மனிதர் அவர். கடைசி ஆண்டுகளில் அந்த மொழியில் அவரோடு பேச யாரும் இல்லை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பேராசிரியை அன்விதா அப்பி அவரிடம் சொற்களையும் பாட்டுகளையும் பதிவு செய்திருந்தார். கிரேட் அந்தமானிய மொழிகளின் இலக்கணமே உடலின் பாகங்களை வைத்துக் கட்டப்பட்டது என்று அப்பி விளக்கினார். ஒரு பொருளோ செயலோ உடலின் எந்தப் பகுதியோடு சேர்ந்தது என்பதைச் சொல்லின் முன்னொட்டு காட்டிவிடும். அந்தப் பதிவு நடக்காமல் போயிருந்தால் அவர் சொன்ன சொற்களும் பாட்டுகளும் அவரோடு போயிருக்கும்.

ஆனால் பதிவு செய்வது பாதி வேலைதான். அந்தப் பதிவு ஐம்பது ஆண்டு கழித்தும் திறக்க வேண்டும்.

கனடாவில் பிறந்த மொழியியலாளர் மர்ரே எமனோ 1935-ல் நீலகிரிக்கு வந்தார். தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதிக்கொண்டார். 1938-ல் ஊர் திரும்பினார். தோட மொழியின் இலக்கணத்தை அவர் புத்தகமாக வெளியிட்டது 1984-ல். அப்போது அவருக்கு 80 வயது. இடையில் 46 ஆண்டுகள். காகிதமும் மையும் அவரைக் கைவிடவில்லை.

1990களில் கம்ப்யூட்டரில் வேலை செய்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பத்திரிகைக்கு ஒரு ஃபாண்ட், அச்சகத்துக்கு ஒரு ஃபாண்ட் என்றிருந்த காலம் அது. ஒரு மெஷினில் அடித்த கட்டுரை இன்னொரு மெஷினில் புரியாத குறிகளாக வந்து நின்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என இரண்டு தரங்கள் வந்தன. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்திருந்தும் தமிழக அரசு அதை ஏற்றது 2010-ல்தான். பல கோடிப் பேர் பேசும் மொழிக்கே இந்தப் பாடு. சில நூறு பேர் பேசும் மொழியை, தனக்கென அமைத்த ஃபாண்டில் ஒரே ஒரு மாணவர் அடித்து வைத்திருந்தால்? அந்த ஃபாண்ட் தொலைந்தால் அகராதியும் தொலைந்தது.

ஒலிக்கும் இதே கதைதான். கையடக்கமாக இருக்கிறதே என்று பல ஆய்வாளர்கள் ஒரு காலத்தில் மினிடிஸ்க்கை மலைக்கும் காட்டுக்கும் எடுத்துப் போனார்கள். இடத்தை மிச்சப்படுத்த அது ஒலியைச் சுருக்கித்தான் பதிவு செய்தது. அப்படிக் கழித்த விவரம் திரும்ப வராது. 2013-ல் சோனி நிறுவனம் மினிடிஸ்க் கருவிகளை நிறுத்தியபோது, கையில் வட்டு இருந்தும் அதைப் போட்டுக் கேட்கக் கருவி தேடும் நிலை வந்தது.

ஸ்டீவன் பேர்ட், கேரி சைமன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-லேயே அமெரிக்க மொழியியல் சங்கத்தின் ஆய்விதழில் இதை எச்சரித்தார்கள். யோசிக்காமல் புதிய கருவிகளைப் பிடித்துக்கொண்டால் சேர்த்த விவரங்களைக் கண்டுபிடிப்பதும் பாதுகாப்பதும் கடினமாகிவிடும் என்பது அவர்கள் வாதம். பரிகாரம் கவர்ச்சியானது அல்ல. எழுத்தை யூனிகோடில், எந்த அலங்காரமும் இல்லாத வெறும் டெக்ஸ்ட் ஃபைலில் வைக்க வேண்டும். ஒலியைச் சுருக்காமல் வைக்க வேண்டும். பேசியவர் யார், எந்த ஊர், எந்தத் தேதி, யார் கேட்டு எழுதினார், யாரெல்லாம் கேட்க அவர் சம்மதித்தார் என்பதைக் கூடவே எழுத வேண்டும். 'புதியது 2' என்று பெயரிட்ட ஃபைல் பத்து ஆண்டு கழித்து அதைச் செய்தவருக்கே புரியாது.

அடுத்தது, இதையெல்லாம் எங்கே வைப்பது? ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகிறது. ஒலிப்பதிவு பெரும்பாலும் மாணவரின் ஹார்ட் டிஸ்கோடு தங்கிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க் ஆய்வேட்டைப் போல நீண்ட ஆயுள் கொண்டதல்ல. வடகிழக்கு மாநிலங்களின் பல மொழிப் பதிவுகள் இன்று அமெரிக்காவில் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. பத்திரமான இடம்தான். ஆனால் மணிப்பூர் கிராமத்துப் பாட்டி சொன்ன கதையைப் பேரன் கேட்க டெக்சாஸ் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. சிக்கிம் பல்கலைக்கழகம் தன் வட்டார மொழிகளுக்கென ஒரு காப்பகம் அமைத்து, இதை இங்கேயும் செய்யலாம் என்று காட்டியிருக்கிறது. மொழியியல் துறை உள்ள மற்றப் பல்கலைக்கழகங்களும் ஆய்வேட்டோடு ஒலிப்பதிவையும் கேட்டு வாங்கி வைத்தால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. ஒரு விதி போதும்.

அதுவரை பொறுப்பு மாணவர் தலையில்தான். அவரிடம் கேட்க வேண்டியது எத்தனை மொழி தெரியும் என்பதல்ல. எந்த மொழியை எழுதினீர்கள், யார் சொல்லக் கேட்டு எழுதினீர்கள், அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கலாம். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவரிடம் ஒரு மொழியை நம்பி ஒப்படைக்கலாம்.