ஒரு நாள் சிகிச்சைக்குப் பத்து நாள் அலைச்சல்

புற்றுநோய் எலும்புக்குப் பரவி வலியில் துடிக்கிறவருக்கு, பெரும்பாலான நேரங்களில் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தால் போதும். மருத்துவ உலகத்துக்கு இது தெரிந்து கால் நூற்றாண்டு ஆகிறது. தெரிந்திருந்தும் அவரைப் பத்து நாள் மருத்துவமனைக்கு வரவழைப்பது அநீதி. பழக்கம், எச்சரிக்கை, நடைமுறை என்று என்ன பெயர் சொன்னாலும் அநீதிதான். 'இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்' என்று சொல்லி அந்த ஒரு நாளைக்கூடத் தராமல் அனுப்பிவிடுவது அதைவிடக் கொடிய அநீதி. இந்த இரண்டையும் அதிகம் சுமப்பவர்கள் வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வாழும் உழைப்பாளிக் குடும்பங்கள்.

மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் ஆகியவற்றில் தொடங்கும் புற்றுநோய் எலும்புக்குப் போவது சாதாரணம். முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு என்று உடம்பைத் தாங்கும் இடங்களையே அது பிடிக்கிறது. படுத்தால் புரள முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது, இருமினாலே உயிர் போகும். இந்த நிலையில் நோயை முழுதாக ஒழிக்க முடிவது அரிது. வலியைக் குறைக்க முடியும். பத்தில் ஆறு பேருக்குக் கதிர்வீச்சால் வலி கணிசமாகக் குறைகிறது. நாலில் ஒருவருக்கு முற்றிலும் நின்றுபோகிறது. சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் அந்தப் பலன் தெரியும். மிச்சமிருக்கும் மாதங்களில் ஒரு மனிதர் தன் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுவதா, சுவரைப் பார்த்துக்கொண்டு முனகுவதா என்பதை இந்தச் சிகிச்சை தீர்மானிக்கிறது.

'கரண்ட் வைக்க', அதாவது கதிர்வீச்சு எடுக்க, எர்ணாவூரிலிருந்தோ கத்திவாக்கத்திலிருந்தோ ஒருவர் கிளம்புவதை நினைத்துப் பாருங்கள். மெட்ரோ 2021-இல் விம்கோ நகர் வரை வந்துவிட்டது உண்மைதான். ஆனால் விம்கோ நகர் வரைக்கும் ஷேர் ஆட்டோவில் வர வேண்டும். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலை, ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்பெலும்பில் ஓர் அடி. எண்ணூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறலாம் என்றால் நெரிசலில் நிற்கவும் வேண்டும், எதிர் பிளாட்பாரத்துக்குப் படி ஏறி இறங்கவும் வேண்டும். சென்ட்ரலில் இறங்கிச் சாலை தாண்டினால் பெரியாஸ்பத்திரி என்கிற அரசுப் பொது மருத்துவமனை. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்றால் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. அங்கே காத்திருப்பு ஒரு பொழுது. இயந்திரத்தின் கீழே படுப்பதோ சில நிமிடம். பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். மறுநாள் மறுபடியும். தனியாக அனுப்ப முடியாது என்பதால் மகனோ மனைவியோ கூட வர வேண்டும். துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலியாக இருக்கும் மகனுக்கு அன்றைய கூலி போயிற்று. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து விற்கும் மனைவிக்கு அன்றைய கூடை போயிற்று. இப்படிப் பத்து நாள். இன்னும் சில மாதமே வாழ்வு மிச்சமிருப்பவரிடமிருந்து இரண்டு வாரத்தைக் காரணமில்லாமல் எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை இல்லை.

காரணமில்லை என்று சொல்வதற்கு ஆதாரம் உண்டு. நெதர்லாந்தில் 1,171 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. ஒரே முறையில் 8 கிரே அளவு கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், ஆறு முறையாக 24 கிரே பெற்றவர்களுக்கும் வலி ஒரே அளவில்தான் தணிந்தது. 2005-இல் வந்த அமெரிக்க ஆய்வில் மார்பக, புராஸ்டேட் புற்றுநோய் பரவிய 898 பேர் சேர்ந்தனர். ஒரு முறை 8 கிரே, பத்து முறையாக 30 கிரே என்று இரு பிரிவு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலி குறைந்திருந்தது. பக்கவிளைவுகள் பத்து நாள் பிரிவில்தான் கூடுதல். 2007-இல் 16 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள்: ஒருமுறைச் சிகிச்சையில் 58 சதவீதத்தினருக்கு, பலமுறையில் 59 சதவீதத்தினருக்கு வலி குறைந்திருந்தது. இதற்கு மேலும் எந்த நிரூபணத்துக்குக் காத்திருக்கிறோம்?

நேர்மையான ஓர் ஆட்சேபம் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அதே 2007 கணக்கில், ஒருமுறைச் சிகிச்சை பெற்றவர்களில் 20 சதவீதத்தினர் பிற்பாடு மறுபடி கதிர்வீச்சு எடுக்க நேர்ந்தது. பலமுறை பெற்றவர்களில் 8 சதவீதம்தான். ஆனால் ஐந்தில் நால்வருக்கு அந்தத் தேவையே வரவில்லை என்பதும் இதே கணக்குதான். வருகிற ஒருவருக்கும் மறுமுறை ஒரே நாளில் கொடுத்து அனுப்ப முடியும். எலும்பு முறியும் அபாயம், அறுவை செய்த இடம், நரம்பு நசுங்கிய நிலை போன்றவற்றில் பல நாள் சிகிச்சை தேவைப்படலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அந்தக் காரணங்கள் எதுவும் இல்லாதவருக்கும் கைப்பழக்கத்தில் 'பத்து' என்று எழுதுவதைத்தான் கண்டிக்கிறோம். எத்தனை முறை கொடுத்தார்கள் என்று எண்ணிப் பணம் தரும் நாடுகளில் ஒருமுறைச் சிகிச்சை குறைவாகவே தரப்படுகிறது என்பதும் பதிவாகியிருக்கிறது. நம் காப்பீட்டுத் திட்டங்களை வகுப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

நோயாளியின் வீட்டாரிடமும் ஒரு தயக்கம் இருக்கிறது. 'ஒரே ஒரு கரண்ட் போதுமா, ஏழை என்று குறைத்துக் கொடுக்கிறார்களா' என்று சந்தேகப்படுகிறார்கள். காலம் முழுக்கக் குறைத்தே கொடுக்கப்பட்ட மக்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைக்கு.

இயந்திரத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒருவருக்குத் தேவையில்லாமல் ஒதுக்கிய ஒன்பது தவணைகள் வெளியே வரிசையில் நிற்கும் ஒன்பது பேருடையவை. இந்த வேலைக்கு விலையுயர்ந்த புதிய இயந்திரம்தான் வேண்டும் என்பதுமில்லை. கோபால்ட் இயந்திரமே போதும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அது 1957-இலேயே வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியின் பார்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் பிறந்தது. கதிர்வீச்சை இவ்வளவு காலமாக அறிந்த நகரம் இது. டொரன்டோவில் 1996 முதல் நோயாளியைப் பார்ப்பது, ஸ்கேன் எடுத்துத் திட்டமிடுவது, கதிர்வீச்சு கொடுப்பது எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே நாளில் முடித்து அனுப்பும் பிரிவு நடக்கிறது. சென்னையால் முடியாது என்று நாம் நம்பவில்லை.

வடசென்னைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. மூட்டை தூக்கியவர், வலை இழுத்தவர், ஃபவுண்டரியில் நின்றவர், எல்லாருக்கும் இங்கே முதுகு வலிக்கிறது. தைலம், பெல்ட், மெடிக்கல் ஷாப் மாத்திரை, தெருமுனை கிளினிக்கில் ஓர் ஊசி என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்கு வரும் புதிய முதுகுவலியை உழைப்பு வலி என்று ஒதுக்கவே கூடாது. அதோடு கால் தளர்ந்தால், மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றால் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். நடந்து வருபவரின் நடையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நடை நின்றபின் தூக்கி வரப்படுபவருக்கு அது திரும்புவது கடினம். 'திங்கட்கிழமை ஓ.பி.க்கு வாருங்கள்' என்ற ஒரு வாக்கியம் ஒருவரை எஞ்சிய வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் போட்டுவிடும்.

கதிர்வீச்சின் பலன் தெரியும்வரை வலியைத் தாங்கச் சொல்வதும் கொடுமை. கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினுக்குச் சட்டம் போட்ட முட்டுக்கட்டைகளை 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் பெரிதும் தளர்த்திவிட்டது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சேவையும் அடக்கம். சர்க்கரை மாத்திரை வீடு தேடிவரும் அதே கையில் மார்ஃபினும் வர வழி செய்வது அரசின் பொறுப்பு.

ஆகவே அரசு செய்ய வேண்டியது தெளிவு. கதிர்வீச்சு வசதியுள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் எலும்பு வலிக்காரர்களுக்கென்று வாரத்தில் சில நாட்களை ஒதுக்கி, பார்த்த அன்றே முடித்து அனுப்ப வேண்டும். ஒருமுறைச் சிகிச்சைக்கும் காப்பீடு முழுச் சிகிச்சையாகவே பணம் தர வேண்டும். தண்டுவட அவசரத்துக்கு ஞாயிறும் இரவும் கதவு திறந்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் வரச் சொல்லும் மருத்துவர், ஏன் என்பதை நோயாளியின் சீட்டில் தமிழில் எழுதித் தர வேண்டும். எழுதக் காரணம் இல்லையென்றால், அன்றைக்கே கரண்ட் வைத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.