சிங்கப்பூரிலிருந்து திரும்புவோருக்கான சோதனைச் சான்று விதி: 2023 ஜனவரி நிலைப்பாட்டு அறிக்கை

2023 ஜனவரி 1 முதல் சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஆறு இடங்களிலிருந்து இந்தியாவுக்கு வரும் பயணிகள், விமானம் ஏறுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை செய்து, தொற்று இல்லை என்ற சான்றை ‘ஏர் சுவிதா’ இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும் என்று ஒன்றிய அரசு விதித்தது. இந்த விதி குறித்தும், அந்த ஆறு இடங்களில் விமானம் மாறி வருவோருக்கும் அது பொருந்தும் என்று பின்னர் வந்த விரிவாக்கம் குறித்தும், விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டங்களிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றோரின் குடும்பங்களைக் கொண்ட இவ்வமைப்பின் செயற்குழு கூடி விவாதித்து, கீழ்க்காணும் நிலைப்பாட்டை வெளியிடுகிறது. 2020 மார்ச் 22 நள்ளிரவில் பன்னாட்டு விமானங்கள் நின்றதும், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவரும் ‘வந்தே பாரத்’ விமானங்கள் மே 7இல் தொடங்கியதும், வழக்கமான பன்னாட்டுச் சேவை 2022 மார்ச் 27 வரை திரும்பாததும் உறுப்பினர் ஒவ்வொருவரும் வீட்டில் அனுபவித்தவை என்பதால் அவை இங்கே விரித்துரைக்கப்படவில்லை.

ஆர்.டி.பி.சி.ஆர். என்பது மூக்கிலும் தொண்டையிலும் எடுக்கப்படும் மாதிரியில் கொரோனா கிருமியின் மரபுக்கூறு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பெருக்கிப் பார்க்கும் சோதனை. ஏர் சுவிதா என்பது பயணி தன் உடல்நிலை, கடவுச்சீட்டு, பயண விவரங்களை முன்கூட்டியே தானே அறிவிப்பதற்காக அப்போது இருந்த அரசு இணையதளம். இந்தத் தளம் 2022 நவம்பர் 22இல் நிறுத்தப்பட்டபோது இவ்வமைப்பு அதை வரவேற்றது. நாற்பது நாளுக்குள் அது திரும்பி வந்தது, அதுவும் பொங்கலுக்கு ஊர் திரும்ப டிக்கெட் எடுத்து வைத்தவர்களின் தலையில்.

செயற்குழு சோதனைக்கு எதிரானது அல்ல. 2021இன் கொரோனா இரண்டாம் அலையில் உற்றாரைப் பறிகொடுத்த குடும்பங்கள் இவ்வமைப்பில் உள்ளன. எந்தக் கட்டுப்பாட்டையும் தளர்த்தக் கூடாது என்று கருதும் உறுப்பினர்களும் உள்ளனர். அவர்களின் அச்சம் மதிக்கத்தக்கது. 2022 டிசம்பர் 24 முதல் விமான நிலையங்களில் வந்திறங்கும் பயணிகளில் நூற்றுக்கு இருவரிடம் மாதிரி எடுக்கத் தொடங்கிய முறையையும், தொற்று உறுதியானோரின் மாதிரியை மரபணு வரிசைப்படுத்தலுக்கு, அதாவது கிருமி எந்த உருமாற்றத்தைச் சேர்ந்தது என்று கண்டறியும் ஆய்வுக்கு, அனுப்புவதையும் குழு ஒருமனதாக ஆதரிக்கிறது. டிசம்பர் இறுதியில் மதுரை விமான நிலையத்தில், சீனாவிலிருந்து கொழும்பு வழியாக வந்த விருதுநகர் மாவட்டத்தினர் இருவருக்குத் தொற்று இருப்பதைக் கண்டுபிடித்தது இப்படி வந்திறங்கும் இடத்தில் செய்யப்பட்ட சோதனைதான் என்பதை இங்கே நினைவூட்டுவது பொருத்தம். வாசலில் வைக்கும் சோதனை வேலை செய்கிறது என்பதற்கு இம்மாவட்டமே சான்று.

எனவே கேள்வி, சிங்கப்பூரை இந்தப் பட்டியலில் சேர்த்ததற்கு என்ன அடிப்படை என்பதே. சீனாவில் பரவுவதாகச் சொல்லப்பட்ட பி.எஃப்.7 உருமாற்றம் 2022இன் நடுப்பகுதியிலேயே இந்தியாவில் கண்டறியப்பட்டது. சிங்கப்பூரில் அக்டோபர் அலைக்குக் காரணமான எக்ஸ்.பி.பி. இந்தியாவிலும் ஏற்கெனவே பரவியிருந்தது. சிங்கப்பூரையும் மலேசியாவின் ஜோகூரையும் இணைக்கும் பாலத்தின் வழியே நாள்தோறும் லட்சக்கணக்கானோர் வேலைக்குச் சென்று திரும்புகிறார்கள். ஆனால் கோலாலம்பூரில் விமானம் ஏறும் தொழிலாளிக்குச் சான்று தேவையில்லை, சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஏறும் தொழிலாளிக்குத் தேவை என்று விதி சொன்னது. இதில் மருத்துவ நியாயம் எதுவும் குழுவுக்குப் புலப்படவில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் அவசரக் குழு, பன்னாட்டுப் பயணத் தடைகள் கூடுதல் பயன் தருவதில்லை, அவற்றை நீக்கவோ தளர்த்தவோ வேண்டும் என்று 2022 ஜனவரியிலேயே பரிந்துரைத்திருக்கிறது.

இனி வருவது, செயற்குழுவில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லாமல் ஏற்கப்பட்ட பகுதி. வீட்டில் சாவு விழுந்தால் வர வேண்டியவர் எப்படி வருவது என்பதைப் பற்றியது இது.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான ஒன்றிய அரசின் 2020 ஆகஸ்டு வழிகாட்டுதலில், சொந்தச் செலவில் ஏழு நாள் விடுதியில் தனித்திருக்கும் கட்டாயத்திலிருந்து விலக்குப் பெறத் தகுந்தவர்களாகக் கர்ப்பிணிகள், குடும்பத்தில் மரணம் நேர்ந்தோர், கடும் நோயுற்றோர், பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுடன் வரும் பெற்றோர் ஆகியோர் குறிக்கப்பட்டனர். விலக்கு வேண்டுவோர் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பே இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே வழிகாட்டுதலில் இருந்தது. 2021 பிப்ரவரி 22 முதல் எல்லோருக்கும் சோதனைச் சான்று கட்டாயமானபோது, இழவுக்கு வருவோர் மட்டும் சான்றில்லாமல் வரலாம் என்று சொல்லப்பட்டது. அங்கும் அதே 72 மணி நேரம் எழுதப்பட்டது. சாவு மூன்று நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு வருவதில்லை. இந்த எளிய உண்மை தெரியாதவர் எவரும் அந்தக் கோப்பில் கையெழுத்திட்டிருக்க முடியாது. தெரிந்தே எழுதினார்கள் என்றால், அந்த விலக்கு யாருக்கும் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே எழுதப்பட்டது என்று முடிவு செய்வதைத் தவிர இந்தக் குடும்பங்களுக்கு வேறு வழியில்லை.

கரிசல் காட்டு ஊர்களில் ஒரு சாவு எப்படி நடக்கிறது என்பதை விதி எழுதுவோர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதால் அதைச் சற்று விவரிக்க வேண்டியிருக்கிறது. உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் அருப்புக்கோட்டையிலிருந்தோ நரிக்குடியிலிருந்தோ வாடகைக்குக் குளிர்பெட்டி வந்துவிடுகிறது. வாசலில் பந்தல் போட்டு, அதன் கீழே பெட்டியை வைத்து, மின்சாரம் நின்றால் ஓடுவதற்கு ஒரு ஜெனரேட்டரும் பக்கத்தில் நிறுத்தப்படுகிறது. கேதம் கேட்க வரும் ஒவ்வொருவரும் முதலில் கேட்பது “பிள்ளைக்குத் தகவல் சொல்லியாச்சா, எப்ப வர்றான்?” என்பதுதான். உடலைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்பதும் கொள்ளி வைப்பதும் அந்தப் பிள்ளைக்கு உரியவை. அவர் வரும்வரை ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள் ஊர் பொறுத்திருக்கும், அதற்கு மேல் பெட்டியும் தாங்காது, பெரியவர்களும் தாங்க மாட்டார்கள். அன்றைக்கே நல்லடக்கத்தை முடித்துவிடும் இசுலாமியக் குடும்பங்களுக்கு, வீரசோழன் போன்ற ஊர்களில் அவர்கள் நிறையவே உள்ளனர், 72 மணி நேரம் என்பது ‘நீ வர வேண்டாம்’ என்ற பதிலேதான். 2020, 2021 ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் குளிர்பெட்டியின் கண்ணாடிக்கு மேலே ஒருவர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு நிற்க, சிங்கப்பூர் தொழிலாளர் விடுதியில் பூட்டப்பட்டிருந்த மகன் அதில் தாயின் முகத்தைப் பார்த்தார். அங்கே லட்சக்கணக்கான வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் விடுதி வளாகத்தை விட்டு வெளியே வர முடியாமல் இருந்த காலம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்டதை எந்த வருத்தம் தெரிவிக்கும் கடிதமும் சரிசெய்யாது. இன்றுவரை அப்படி ஒரு கடிதமும் வரவில்லை.

2023 ஜனவரி விதியிலும் சிக்கல் அதே இடத்தில்தான் இருந்தது. இரவில் தொலைபேசியில் தகவல் போகும். விடிந்து, மருத்துவ நிலையம் திறந்து, மாதிரி கொடுத்து, முடிவு வந்து, அதைப் பதிவேற்றிய பிறகே அடுத்த விமானத்தில் ஏற முடிந்தது. அது வார இறுதி என்றால் இன்னும் தாமதம். சோதனைக்கான கட்டணம் கட்டுமான வேலையில் இருப்பவரின் பல நாள் அடிப்படைக் கூலிக்குச் சமம் என்பது இதோடு ஒப்பிட்டால் சிறிய விஷயமே. ஆகவே, இரத்த உறவின் மரணத்துக்காகவோ மரணத் தறுவாயில் இருப்பவரைக் காணவோ வருவோர், முன்விண்ணப்பமோ முன்சான்றோ இல்லாமல் விமானம் ஏறவும், வந்திறங்கும் இடத்தில் கட்டணமின்றி மாதிரி கொடுத்துவிட்டு உடனே வீட்டுக்குப் போகவும், முடிவு தெரியும்வரை முகக்கவசத்துடன் இறுதிச் சடங்கில் பங்கேற்கவும் உரிமை உடையவர்கள் என்று விதியில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். இது சலுகைக் கோரிக்கை அல்ல. “இயன்றவரை பரிசீலிக்கப்படும்” என்ற பதிலைக் குழு ஏற்காது.

சொந்தச் செலவில் தனிமை என்ற ஏற்பாடு பற்றி உறுப்பினரிடையே இருவேறு கருத்துகள் இருந்தன. தமிழ்நாட்டில் கட்டணமில்லாத் தங்குமிடங்களும் இருந்ததைச் சிலர் சுட்டிக்காட்டினர். எனினும் 2007 ஜூனில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நலவாழ்வு ஒழுங்குவிதிகளின், அதாவது நோய்ப்பரவலைத் தடுக்கும்போது நாடுகள் பின்பற்ற வேண்டியவை குறித்து உலக நலவாழ்வு அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்ற உடன்படிக்கையின், 40ஆம் பிரிவு, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியேறும் நோக்கத்துடன் வருவோர் தவிர்த்த பிற பயணிகளிடம் கட்டாயத் தனிமைக்காகக் கட்டணம் பெறக் கூடாது என்கிறது. சொந்த நாட்டுக்குத் திரும்பும் குடிமகன் எந்த வகையிலும் குடியேறி அல்ல. எனவே 2020இல் வசூலிக்கப்பட்ட தொகை, குழுவின் புரிதலில், வாங்கியிருக்கக் கூடாத தொகை.

தனிமைப்படுத்தல் என்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த காலத்தில், ஆள்சேர்க்கும் கங்காணிகளோடு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள், இலங்கை அரசு நடத்திய மண்டபம் முகாமில் நாட்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டு, அம்மை குத்தப்பட்டு, உடைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பிறகே கப்பல் ஏற்றப்பட்டனர். வானம் பார்த்த பூமியில் கண்மாய் வறண்டபோதெல்லாம் வெளியே போய்ப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று சாங்கியிலும் துபாயிலும் வரிசையில் நிற்கிறார்கள். நோய் எப்போதும் கூலிக்காரன் உடம்பில்தான் வருகிறது என்ற எண்ணம் நூறு ஆண்டு கழிந்தும் மாறவில்லை. 2021 நவம்பர் 29இல் தடுப்பூசி போட்டவர்களுக்காக இந்தியாவுடன் சிங்கப்பூர் திறந்த தனிமையில்லாப் பயணத் தடத்தில் சென்னை, தில்லி, மும்பை மட்டுமே இருந்தன. சிங்கப்பூரில் வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளர்களில் பலர் பயன்படுத்தும் திருச்சிக்கு அதில் இடமில்லை.

தடுப்பூசிச் சான்றில் இருக்கும் பெயரும் கடவுச்சீட்டில் இருக்கும் பெயரும் பொருந்தாத சிக்கலும் தீர்க்கப்பட வேண்டும். ஆதாரிலும் அதைக் கொண்டு பெற்ற தடுப்பூசிச் சான்றிலும் முன்னெழுத்தும் கடவுச்சீட்டில் தகப்பனார் பெயர் முழுமையாகவும் இருப்பது இங்கே இயல்பு. 2022 நவம்பர் முதல் ஒற்றைப்பெயர்க் கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிக்காததால் இது மேலும் கூர்மையாகியுள்ளது. 

தொற்று உறுதியானோரின் ஊரையும் பயண விவரத்தையும் வெளியே விடும் பழக்கத்தை மாவட்ட நிர்வாகம் உடனே நிறுத்த வேண்டும். 2020இல் வீட்டுக் கதவில் ஒட்டப்பட்ட ஸ்டிக்கரும் தெருவில் அடித்த தகரத் தட்டியும் தந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் அத்தகைய அறிவிப்பை ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சொல்லியிருக்கிறது.

சிங்கப்பூர் தொடர்பான விதியை முழுமையாக நீக்க வேண்டும் என்பது செயற்குழுவின் பெரும்பான்மைக் கருத்து. தற்போதைய சூழலைக் கருத்தில்கொண்டு மறுபரிசீலனை செய்தால் போதும் என்பது சிறுபான்மைக் கருத்து. இரண்டும் இவ்வறிக்கையில் பதிவு செய்யப்படுகின்றன. இழவுக்கு வருவோருக்கான வழி பற்றிய கோரிக்கைக்கு மட்டும் சிறுபான்மை என்று ஒன்று இல்லை.

நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடர் 2022 டிசம்பர் 23இல் முன்கூட்டியே முடிந்துவிட்ட பிறகு வந்த விதிகள் இவை. ஆகையால் அவற்றைப் பற்றி அங்கே ஒரு கேள்வியும் எழவில்லை. அருப்புக்கோட்டை விருதுநகர் மக்களவைத் தொகுதியிலும், திருச்சுழி இராமநாதபுரம் தொகுதியிலும் இருப்பதால், இரு தொகுதி உறுப்பினர்களும் 2023 பட்ஜெட் கூட்டத்தொடரின் முதல் வாரத்திலேயே இதை எழுப்ப வேண்டும் என்றும், அயலகத் தமிழர் நல வாரியம் தமிழ்நாடு அரசின் வழியே ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டும் என்றும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது. விதி மாறும்வரை, சாவுச் செய்தி கேட்டுக் கிளம்ப முடியாமல் நிற்கும் எந்தத் தொழிலாளியின் குடும்பமும் நேரம் பாராமல் செயற்குழு உறுப்பினர்களைத் தொடர்பு கொள்ளலாம்.