பாணை நிறுத்துமுன்

சீனன்குடாக் கரையில் பிரீமா ஆலை அரைக்கும் கோதுமை மா திருகோணமலை வீடுகளுக்குப் பாணாகவும் ரொட்டியாகவும் வருகிறது. கூடவே பால்மாத் தேநீர். இவ்விரண்டையும் நிறுத்தினால் ஓட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சும் நடத்தையும் சீராகும் என்ற ஆலோசனை உலகெங்கும் பெற்றோரைத் தேடி வருகிறது. சான்று அதற்குத் துணை நிற்கவில்லை. அமெரிக்காவின் ரொசெஸ்டர் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கோதுமையிலுள்ள குளூட்டனும் பாலிலுள்ள கேசீனும் நீக்கிய உணவில் இருந்த 14 பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கும் அளந்தவர்களுக்கும் தெரியாதபடி அவை மீண்டும் கொடுக்கப்பட்டன. நடத்தையிலோ உறக்கத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பதினான்கு சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் எதிர்பார்ப்பை விலக்கி அளந்ததால் அதற்கு நான் கூடுதல் எடை தருகிறேன்.

“பிள்ளை மாறியதைக் கண்ணால் கண்டோம்” என்னும் தாய்மாரின் சொல்லைத் தள்ளிவிடக் கூடாது. மலச்சிக்கலோ, குளூட்டனால் குடல் பாதிப்புறும் சீலியாக் நோயோ, பால் ஒவ்வாமையோ இருந்த பிள்ளைக்கு வயிற்றுவலி நீங்கினால் உறக்கம் வரும், எரிச்சல் தணியும். அதனால்தான், வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் வயிற்றை முதலில் வைத்தியர் பார்க்க வேண்டும் என்கிறேன். சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைக் கோதுமையை நிறுத்துமுன் செய்ய வேண்டும். பிந்தினால் முடிவு பிழையாகலாம். இடியப்பமும் குரக்கன் பிட்டும் உள்ள ஊரில் கோதுமையை விடுவது சுலபம்தானே என்பார்கள். நாலைந்து உணவுகளை மட்டுமே ஏற்கும் பிள்ளையிடம் பாணைப் பறித்தால், அந்த இடத்துக்கு இடியப்பம் வராது, பட்டினிதான் வரும். பாலையும் நிறுத்துவதென்றால், கல்சியத்துக்கு முள்ளோடு பொரித்த நெத்தலியையாவது பிள்ளை தொடுகிறதா என்று பார்த்த பிறகே அதில் கைவைக்கலாம்.