பெட்ரோலைக் கூட்டினால் இன்ஜின் குளிருமா? குட்டி விமானத்தின் கார்பரேட்டர் கணக்கு!

பழைய பைக் மெக்கானிக்குகள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார்கள். கறுப்பாக இருந்தால் `வண்டி பெட்ரோலை ஓவரா குடிக்குது.' வெளுத்திருந்தால் `பெட்ரோல் பத்தல, இன்ஜின் சூடாகும்.' இதே வைத்தியம்தான் இரண்டு பேர் பறக்கும் குட்டி விமானத்துக்கும். ஒரே வித்தியாசம், சூடானால் பைக்கை ஓரங்கட்டலாம். விமானத்தை?

பெட்ரோல் எப்படிக் குளிர்விக்கும்?

பெட்ரோல் முழுதாக எரிய, 1 கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 15 கிலோ காற்று வேண்டும். இன்ஜின் அதிகபட்ச சக்தியைத் தருவது, காற்று 12.5 கிலோவுக்கு அருகில் இருக்கும்போது. பெட்ரோலை அதற்கும் மேலே கூட்டினால், உபரி பெட்ரோல் ஆவியாகும்போதே வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. எரியும் வேகமும் குறைகிறது. அதனால் சிலிண்டரின் சூடு இறங்குகிறது.

டேக் ஆஃப் நேரத்தில்தான் இது உயிர் காக்கும் விஷயம். அப்போது இன்ஜின் முழு சக்தியில் உழைக்கும். விமானமோ மெதுவாக மேலேறும். அதனால் இன்ஜினைக் குளிர்விக்கும் எதிர்க்காற்று குறைவு.

எவ்வளவு சூடு தாங்கும்?

அமெரிக்காவின் லைகோமிங் நிறுவனத்தின் ஓ-320, ஓ-360 இன்ஜின்களுக்கு சிலிண்டர் ஹெட்டின் உச்ச வரம்பு 260 டிகிரி செல்சியஸ். ஆனால், `இன்ஜின் நீண்டகாலம் உழைக்க வேண்டுமென்றால் 224 டிகிரிக்குக் கீழேயே வைத்திருங்கள்' என்பது அந்த நிறுவனத்தின் அறிவுரை. காரணம், சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடு ஏற ஏற அதன் வலிமை குறையும். முதலில் வால்வு பகுதி பாதிக்கும், பிறகு விரிசல் விழும்.

ஆஸ்திரேலியாவின் `ஜபிரு' பாடம்

ஆஸ்திரேலியாவில் கருங்கழுத்து நாரைக்கு `ஜபிரு' என்று பெயர். அந்தப் பெயரில் குயின்ஸ்லாந்தின் பண்டபெர்க் நகரில் குட்டி விமானங்களும் இன்ஜின்களும் தயாராகின்றன. பல பயிற்சி விமானங்களில் விமானிக்கு முன்னால் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். அதை இழுத்துப் பெட்ரோல் கலவையைக் குறைக்கலாம். ஜெர்மனியின் `பிங்' கார்பரேட்டர் பொருத்திய ஜபிருவில் அந்தக் குமிழ் கிடையாது. கார்பரேட்டருக்குள் இருக்கும் ஜெட்டும் ஊசியும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். எனவே, தரையிலேயே ட்யூனிங் சரியாக இருக்க வேண்டும்.

முழு த்ராட்டிலில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பது மெயின் ஜெட். நடுவானில் நிதானமாகப் பறக்கும்போது அந்த வேலை ஊசியுடையது. மேலேறும்போது மட்டும் சூடு எகிறினால், ஒரு அளவு பெரிய மெயின் ஜெட். நிதான வேகத்தில் சூடானால், ஊசியை மாற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலன் தந்தது என்பதே தெரியாது.

இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே கார்பரேட்டர் நான்கைந்து சிலிண்டர்களுக்குப் பந்தி பரிமாறும்போது எல்லா இலைக்கும் சமமாக விழாது. ஒரு பக்கம் பெட்ரோல் குறைந்து சூடாகும், மறுபக்கம் வழியும். இதற்கு மெக்கானிக்குகள் செய்யும் வைத்தியம் ஆச்சர்யமானது. கார்பரேட்டரை அதன் ரப்பர் பிடிப்பில் சில டிகிரி சாய்ப்பார்கள். கலவை போகும் திசை மாறி, இரண்டு பக்கமும் சமமாகும். இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி வெப்பமானி அவசியம். ஒரே ஒரு மீட்டரை நம்பினால், அடுத்த சிலிண்டர் வெந்துகொண்டிருப்பது தெரியாமலே போகும்.

2014 டிசம்பரில் ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்பு ஆணையம், ஜபிரு இன்ஜின் விமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஊருக்கு மேலே பறக்கத் தடை. பயணி ஆபத்தைப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்திட வேண்டும். அந்தப் பிரச்னைக்குக் கார்பரேட்டர் மட்டுமே காரணமல்ல. போல்ட் முறிவுகள் முக்கியமாகப் பேசப்பட்டன. 2016-ல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஆனால், சிறிய இன்ஜினில் சின்னச் சின்ன விஷயங்கள் எவ்வளவு பெரியவை என்பதை எல்லோருக்கும் உணர்த்திய காலம் அது.

ஜெட்டைத் தொடுவதற்கு முன்...

* சிலிண்டரைச் சுற்றியுள்ள காற்றுத் தடுப்புத் தகடுகளில் இடைவெளி இருக்கிறதா? காற்று அந்த வழியே தப்பினால், எந்த ஜெட்டும் காப்பாற்றாது.

* இன்டேக் குழாயில் கசிவு இருக்கிறதா? அதன் வழியே நுழையும் காற்றே கலவையைக் கெடுத்துவிடும்.

* இக்னிஷன் டைமிங் சரியா? முந்திப் பற்றவைத்தாலும் சூடு ஏறும்.

இவையெல்லாம் சரியென்ற பிறகே கார்பரேட்டர். அதுவும் சான்றிதழ் பெற்ற விமானங்களில் உரிமம் பெற்ற பொறியாளர் மட்டுமே தொட வேண்டும். பறக்கும்போது முள் ஏறினால், விமானிக்குச் சொல்லித்தரப்படுவது எளிய வழி: மூக்கைக் கொஞ்சம் தாழ்த்து, வேகத்தைக் கூட்டு, பாதுகாப்பான உயரம் வந்ததும் சக்தியைக் குறை.

பெட்ரோல் அதிகமானாலும் ஆபத்துதான். பிளக்கில் கரி படியும், சக்தி குறையும், டாங்க் சீக்கிரம் காலியாகும். ஆனால், மணிக்கு ஒன்றிரண்டு லிட்டரை மிச்சம்பிடிக்க ஜெட்டைச் சிறிதாக்குபவர், அந்தப் பணத்தைப் பல மடங்காக சிலிண்டர் ஹெட்டுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அதுவும், தரையில் பத்திரமாக இறங்கியிருந்தால்தான்.