மீனுக்கு முன் தண்ணீர்

மலாவி ஏரியின் பாறை இடுக்குகளில் வாழும் சிக்லிட் மீன்களின் நிறத்தில் மயங்கி, தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கிவிடுகிறார்கள். இது அந்த உயிர்களுக்குச் செய்யும் அநியாயம். அவற்றுக்குப் பி.எச். 8-ஐ ஒட்டிய காரத்தன்மையுள்ள நீர் வேண்டும். அத்தகைய நீரில்தான் மீன் கழிவின் அம்மோனியா இன்னும் கொடிய நஞ்சாகிறது. அதை முறிக்கும் பாக்டீரியா வடிகட்டியில் பெருக 4 முதல் 6 வாரம்வரை ஆகும். 400 லிட்டர் தொட்டியானாலும் இந்தக் காத்திருப்புக்கு விலக்கில்லை. இந்த மீன்கள் மணலைத் தோண்டுபவை. ஆகவே பாறைகளை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலிருந்தே உறுதியாக அடுக்க வேண்டும். எல்லைச் சண்டையில் தோற்ற மீன் ஒளியவும் அங்கேதான் இடம். இவ்வளவுக்கும் பொறுமையில்லாதவர்கள் இந்த மீன்களை வாங்கவே கூடாது.