பளபளப்பு வேறு, பாதுகாப்பு வேறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் மலேசிய வீடமைப்புப் பகுதிகளில் தவறாமல் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வாசலில் நிற்கும் மகிழுந்தின்மீது ரப்பர் குழாய் நீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். அப்பா பஞ்சினால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். பிள்ளைகள் நுரையில் விளையாடுவார்கள். கழுவி முடித்த பிறகு, மெருகுக் களிம்பை எடுத்துக் கை வலிக்கத் தேய்ப்பவர்களும் உண்டு. உழைப்பில் குறையில்லை. ஆனால், அந்த உழைப்பில் ஒரு பகுதி மகிழுந்தைக் காப்பதில்லை. அதன் சாயத்தைத் தேய்த்துக் குறைக்கிறது. அடிக்கடி மெருகேற்றுவதைவிட, கீறல் விழாமல் கழுவக் கற்றுக்கொள்வதே மகிழுந்துக்கு நன்மை தரும்.

சாயம் அழகுக்காக மட்டும்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று மாணவர்கள் கேட்கலாம். பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு மகிழுந்துதான். ஒன்பது ஆண்டுகள் வரை மாதத் தவணை செலுத்தி வாங்கப்படும் பொருள் அது. கடன் முடிவதற்குள்ளேயே கூரையிலும் போனட்டிலும் சாயம் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரிந்து நிற்கும் மகிழுந்துகளைச் சாலையில் அடிக்கடி காணலாம். அப்படிப்பட்ட வண்டியை விற்கும்போது விலை குறைகிறது. முழுவதும் மறுபடி சாயம் பூச வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவாகும். ஈரப்பதம் மிகுந்த இந்நாட்டில், உலோகம் தெரியும் அளவுக்குச் சாயம் பெயர்ந்துவிட்டால் துருவும் பிடிக்கத் தொடங்கிவிடும்.

இன்றைய மகிழுந்துகளின் சாயம் ஒரே அடுக்கு அன்று. உலோகத்தின்மீது முதலில் துருத்தடுப்புப் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, அதற்குமேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற மேற்பூச்சு என அடுக்குகள் உள்ளன. இவை அனைத்தையும் சேர்த்தாலும் பொதுவாக 100 முதல் 150 மைக்ரோமீட்டர் கனம்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரோமீட்டர். வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காக்கும் அந்த மேற்பூச்சின் கனம் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோமீட்டர். தலைமுடி ஒன்றின் கனம்கூட இதைவிடச் சற்று அதிகம். ஒன்பது ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்க வேண்டிய கவசம் இவ்வளவே. தேய்ந்துபோனால் அது தானாக வளராது.

அப்படியானால், வாரந்தோறும் மெருகேற்ற வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பழைய மகிழுந்துகளிலிருந்து வந்தது. 1980-ஆம் ஆண்டுகளில் நிறமற்ற மேற்பூச்சு பரவலாவதற்கு முன், பல மகிழுந்துகளில் நிறமே மேலடுக்காக இருந்தது. வெயில் பட்டு அது சுண்ணாம்புத் தூள்போல் வெளுத்துவிடும். மெருகுக் களிம்பால் தேய்த்தால் வெளுத்த தூள் நீங்கி, அடியில் இருந்த நல்ல நிறம் வெளிப்படும். தேய்த்த துணியில் சிவப்போ நீலமோ ஒட்டிக்கொள்வதைத் தாத்தாமார்கள் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்து வண்டிக்கு அவர்கள் செய்தது சரியே. இன்று தேய்க்கும்போது துணியில் நிறம் ஒட்டுவதில்லை. ஆகவே எதுவும் குறையவில்லை என்று தோன்றுகிறது. குறைவது நிறமற்ற பூச்சு என்பதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மெருகும் மெழுகும் ஒன்றே என்று நினைப்பதும் இந்தக் குழப்பத்தை வளர்க்கிறது. கடையில் இரண்டும் ஒரே தட்டில், ஒரே மாதிரியான புட்டிகளில் அடுக்கப்பட்டிருப்பதால் வாங்குபவரைக் குறை சொல்வதற்கில்லை. மெருகுக் களிம்பில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் உள்ளன. மிக மெல்லிய மணல்தாள்போல் அது மேற்பூச்சைச் சிறிதளவு சீவி எடுத்து, கீறலின் விளிம்பைச் சமன்படுத்துகிறது. அதனால்தான் பளபளப்பு வருகிறது. மெழுகு எதையும் சீவுவதில்லை. மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, அழுக்கும் நீரும் எளிதில் ஒட்டாமல் தடுக்கிறது. வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனையின் இலையிலிருந்து கிடைக்கும் கர்னௌபா மெழுகு இதற்குப் பெயர்பெற்றது. ஆனால், மலேசிய வெயிலிலும் மழையிலும் அது சில வாரங்களே தாங்கும். செயற்கைப் பாதுகாப்புப் பூச்சுகள் சில மாதங்கள் நிற்கும். ஒரு குடும்ப வண்டிக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை இப்படிப்பட்ட பூச்சு ஒன்றைத் தடவினால் போதும். மெருகுக் களிம்பைக் கண்ணை உறுத்தும் கீறல் உள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்துவதே அறிவுடைமை. விலை உயர்ந்த செராமிக் பூச்சைப் பூசிவிட்டால் இனிக் கீறலே விழாது என்று நம்புவோரும் உள்ளனர். அந்தப் பூச்சு உறுதியானதுதான். என்றாலும் மணல் துகள் அதையும் கீறும்.

மணல் துகள்தான் இந்தக் கதையின் உண்மையான பகைவன். சாலைப் புழுதியில் கலந்திருக்கும் மணல், மேற்பூச்சைவிடக் கடினமானது. உலர்ந்த புழுதியைக் கோழி இறகுத் துடைப்பத்தால் தட்டும்போதும், காய்ந்த துணியால் துடைக்கும்போதும் அது சாயத்தின்மேல் இழுபடுகிறது. வெயிலில் நிற்கும் கறுப்பு மகிழுந்தை உற்றுப் பார்த்தால் சிலந்திவலை போன்ற நுண்கோடுகள் தெரியும். அவை பெரும்பாலும் சாலையில் ஏற்பட்டவை அல்ல, துடைத்ததால் ஏற்பட்டவை. அந்தக் கோடுகளைப் போக்க மெருகு, அடுத்த வாரம் தவறான துடைப்பால் மீண்டும் கோடுகள், மீண்டும் மெருகு என்று பூச்சு மெலிந்துகொண்டே போகிறது.

இதைத் தடுக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு வாளிகள் போதும். ஒன்றில் சவர்க்கார நீர், மற்றொன்றில் வெறும் நீர். முதலில் வண்டியை நன்றாக நனைத்து, தளர்ந்த மண் தானாக வழிந்தோட விட வேண்டும். பிறகு மென்மையான நுண்ணிழைத் துணியைச் சவர்க்கார நீரில் தோய்த்து, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கித் துடைக்க வேண்டும். வண்டியின் அடிப்பகுதியில்தான் மண் அதிகம் என்பதால் அது கடைசியில் வரட்டும். ஒவ்வொரு பகுதியைத் துடைத்த பின்னும் துணியை வெறும் நீர் வாளியில் அலச வேண்டும். சற்று நேரத்தில் அந்த வாளியின் அடியில் படியும் மண்ணைப் பார்த்தால் இரண்டாவது வாளி எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சக்கரத்துக்குத் தனித் துணி வேண்டும். கீழே தரையில் விழுந்த துணியை அலசாமல் மீண்டும் சாயத்தின்மேல் வைக்கக்கூடாது. பாத்திரம் கழுவும் திரவத்தை வாரந்தோறும் ஊற்றுவதும் வேண்டாம். எண்ணெய்ப் பசையை நீக்குவதற்காகவே செய்யப்பட்ட அது, பூசிய மெழுகையும் நீக்கிவிடும். நண்பகல் வெயிலில் கழுவினால் நீர் உடனே காய்ந்து வெள்ளைப் புள்ளிகள் நிற்கும் என்பதால், காலையிலோ மாலையிலோ நிழலில் கழுவுவதே நல்லது.

ஒன்றை மட்டும் ஞாயிறுவரை தள்ளிப்போடக்கூடாது. அது பறவை எச்சம். அதில் யூரிக் அமிலம் உள்ளது. வெயிலில் சூடேறி இளகிய மேற்பூச்சின்மீது எச்சம் காய்ந்து இறுகினால், அதன் வடிவமே சாயத்தில் பதிந்துவிடும். மைனாக்கள் கூடும் மரத்தடியில் வண்டியை நிறுத்துபவர்கள், ஈரத்துணியை எச்சத்தின்மேல் சில நிமிடங்கள் போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் மெல்ல எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, கழுவும் நிலையத்தில் கொடுத்தால் சிறிது நேரத்தில் முடிந்துவிடுமே என்பது நியாயமான கேள்வி. அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோருக்குக் குழாயும் இல்லை, கழுவ இடமும் இல்லை. அவர்கள் நிலையத்துக்குச் செல்வதே முறை. ஆனால், அங்கு ஒரே துணி எத்தனை வண்டிகளைத் துடைத்தது, சக்கரத்தைத் துடைத்த துணிதான் போனட்டையும் துடைக்கிறதா என்று நின்று பார்ப்பதில் தவறில்லை. தூய துணியை வீட்டிலிருந்தே கொண்டுபோய்க் கொடுப்போரும் உண்டு.

வீட்டில் கழுவுவதிலும் ஒரு குறை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. வாசலில் ஓடும் சவர்க்கார நீர் மழைநீர் வடிகாலில் விழுகிறது. அந்த வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் ஆற்றில் கலக்கிறது. திறந்துவிட்ட குழாயிலிருந்து நிமிடத்திற்குப் பத்து லிட்டருக்கு மேல் நீர் கொட்டுவது எளிது; அரை மணி நேரம் அப்படியே விட்டால் 300 லிட்டரைத் தாண்டிவிடும். நீர்த்தடை அறிவிக்கப்பட்டால் வாளிகளை வரிசையாக நிரப்பிவைக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு 300 லிட்டரின் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. குழாயை நனைக்கவும் அலசவும் மட்டும் திறந்து, சவர்க்காரத்தைக் குறைவாகக் கலந்து, வாளியில் எஞ்சும் அழுக்கு நீரை வடிகாலில் கவிழ்க்காமல் புல்தரையில் ஊற்றலாம்.